ஹலோ... கேக்குதா?

முதலாளியின் வலது கையில் ரிசீவர். இடது கையில் ஸ்டாப் வாட்ச். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் ஓட்டப் பந்தயம் நடத்தும் பி.டி. மாஸ்டர் மாதிரி நின்றுகொண்டுதான் நியூயார்க்குக்குப் பேசுவார்.

இது 1998. இடம் திருப்பூர். நான் அப்போது ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். (கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. உண்மையான வேலை, பையர் சொல்வதை முதலாளிக்குத் தமிழில் சொல்வது. முதலாளி திட்டுவதைப் பையருக்கு மரியாதையான இங்கிலீஷில் சொல்வது.) அமெரிக்காவுக்கு ஐ.எஸ்.டி. அடித்தால் நிமிஷத்துக்கு அறுபது ரூபாய்க்கு மேல். அதனால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "யெஸ் சார், எய்ட்டீன் கார்ட்டன், தேங்க்யூ" - டொக். ஒரு நிமிஷத்துக்குள் போனை வைத்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்கு டீயோடு பஜ்ஜியும் உண்டு.

இப்படி இருந்த மனிதரிடம் பக்கத்து கம்பெனிக்காரரின் மச்சான் பையன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி, இன்டர்நெட் வழியாக அமெரிக்காவுக்குப் பேசலாம், நிமிஷம் அஞ்சே ரூபாய் என்றான். முதலாளி ஸ்டாப் வாட்சை டிராயரில் போட்டுப் பூட்டினார். அன்று அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை அவர் பெண்ணின் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அப்போது அது சட்டப்படி தப்பு. வெளிநாட்டுப் பேச்சு முழுக்க வி.எஸ்.என்.எல். கையில் இருந்த காலம். இன்டர்நெட் வழியாகப் போன் பேச 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் இந்தியாவில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அஞ்சு ரூபாய் என்றதும் சட்டம் யாருக்கு சார் ஞாபகம் வரும்?

முதல் வாரம் ஜோராகப் போனது. இரண்டாவது வாரம் பையர் லைனில் வந்தார். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல விட்டு விட்டு வந்தது.

"...ஷிப் த மெரூன்."

"என்ன தம்பி சொல்றான்?" என்றார் முதலாளி.

"மெரூனை அனுப்பச் சொல்றாருங்க."

அனுப்பினோம். ஆறாயிரம் பீஸ். அதில் எங்கள் காதுக்கு வந்து சேராத ஒரு வார்த்தை முன்னால் இருந்தது என்று பிறகு தெரிந்தது. "டோன்ட்."

வழக்கமாக இந்த மாதிரி விஷயத்தை ஃபேக்ஸில் ஒரு வரி எழுதி உறுதி செய்துகொள்வோம். பேச்சே இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகு ஃபேக்ஸ் எதற்கு என்று முதலாளி அதையும் மிச்சம் பண்ணியிருந்தார். மெரூன் டி-ஷர்ட் மொத்தமும் திரும்பி வந்து, காதர்பேட்டையில் அடிமாட்டு விலைக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு ஆபீஸ் முழுக்க மெரூன். வாட்ச்மேன் மெரூன். அவர் பேரனும் மெரூன், முழங்கால் வரைக்கும்.

அந்த "டோன்ட்" எங்கே போனது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அந்தத் தொழிலுக்கே போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். சம்பளம் டபுள் என்பதால் போனேன்.

* * *

போவதற்கு முன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அமராவதி நகர். உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே போனால், மலையடிவாரத்தில் அணை. பக்கத்தில் முதலைப் பண்ணை, 1962-ல் ஆரம்பித்த சைனிக் ஸ்கூல். அப்போது கோயமுத்தூர் மாவட்டம். 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். அப்பா பொதுப்பணித் துறையில், அணையில் வேலை. தினமும் காலையில் அளவுகோலைப் பார்த்து, நீர்மட்டம் இத்தனை அடி என்று உடுமலை ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற பழைய கறுப்பு போன். பாதி நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. அப்பா பாட்டுக்கு, "எழுவத்தெட்டு அடிங்க! எழுவத்தெட்டு!" என்று நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிடுவார்.

"கேட்டுச்சாங்கப்பா அவங்களுக்கு?" என்று கேட்பேன்.

"நமக்குக் கேக்காட்டி என்ன கண்ணு, அவங்களுக்குக் கேக்கும்."

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கால் கட்டணம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு க்யூவில் நிற்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சிகப்பு எழுத்தில் மீட்டர் ஓடும். பேசுகிறவர் கண்ணெல்லாம் மீட்டரில்தான் இருக்கும், மனைவியோடு பேசினாலும் சரி. ஒன்று கவனித்தீர்களா? காசு கொடுப்பவரும் காதில் கேட்பவரும் அங்கே ஒரே ஆள். லைன் கரகரத்தால் பூத்காரரிடம் அங்கேயே சண்டை போடலாம், போடுவார்கள். என் முதலாளியும் அப்படித்தான். அஞ்சு ரூபாய்க்கு ஆசைப்பட்டவரும் அவர், "டோன்ட்" கேட்காமல் போனவரும் அவர், நஷ்டமும் அவருக்கு. கணக்கு நேர்.

நான் போய்ச் சேர்ந்த தொழிலில் இந்தக் கணக்கு நேராக இல்லை.

* * *

2004-ல் சென்னையில் நைட் ஷிப்ட். கம்பெனி லண்டன்; ஸ்விட்ச் லண்டன்; ராத்திரி கண் விழிக்க மட்டும் நாங்கள். முதல் நாள் டீம் லீடர் சொன்னார்: "நாம நிமிஷம் வாங்கி நிமிஷம் விக்கிறோம். மொத்த வியாபாரம். பருப்பு மண்டி மாதிரி."

எனக்குத் திருப்பூர் மாதிரி தோன்றியது. ஒரு டி-ஷர்ட்டை யாரும் ஒரே இடத்தில் செய்வதில்லை. நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பேக்டிங் ஒருவர், தையல் இன்னொருவர் - எல்லாம் ஜாப் ஒர்க். போன் காலும் அப்படியே. சிங்கப்பூரில் ஒரு தொழிலாளி காலிங் கார்டு வாங்கி ஊருக்குப் பேசுகிறார் என்றால், கார்டு கம்பெனி அந்தக் காலை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்கும். அவர் எங்களுக்கு. நாங்கள் இன்னொருவருக்கு. அவர் எங்கே விற்கிறார் என்று கேட்டால் சிரிப்பார். ஒவ்வொரு கையிலும் அரை சென்ட், கால் சென்ட் நிற்கும். கடைசியில் இந்தியாவில் ஒரு செல்போன் கம்பெனி மணி அடிக்கும்.

இதில் விலை என்பது திரையில் நாலு தசம ஸ்தானம் வரை பளிச்சென்று தெரியும். 0.0095 டாலர், 0.0091 டாலர்... யார் மலிவோ அவர் தானாக மேலே ஏறிவிடுவார். கால் முதலில் அவருக்குப் போகும். அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவர். இதற்குத் தொழிலில் 'லீஸ்ட் காஸ்ட் ரூட்டிங்' என்று பெயர். எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. ரொம்பப் பேரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரும் கையை விரித்தால், எண்ணை அழுத்திவிட்டுப் பதினைந்து செகண்ட் மயான அமைதி. கூப்பிட்டவர் வைத்துவிடுவார். அது வேறு நஷ்டம்.

சரி, குரல் நன்றாக இருக்கிறதா என்பது திரையில் எங்கே தெரியும்? தெரியாது. அதுதான் விஷயம்.

குரலுக்கு ஒரு எடை உண்டு. திருப்பூரில் துணியின் எடையை ஜி.எஸ்.எம். என்பார்கள். (செல்போனிலும் ஒரு ஜி.எஸ்.எம். உண்டு; அது வேறு. இந்தக் குழப்பத்தில் முதல் வாரம் நான் நிறைய மானம் இழந்தேன்.) 180 ஜி.எஸ்.எம். என்று சொல்லி 160 கொடுத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்தால் தெரியும். பழைய எக்ஸ்சேஞ்ச் தரத்தில் ஒரு குரலுக்கு செகண்டுக்கு 64 கிலோபிட். ஜி.711 என்று பெயர். அதையே ஜி.729 என்ற முறையில் 8 கிலோபிட்டுக்குப் பிழியலாம். எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் காதுக்கு ஓரளவு நன்றாகவே இருக்கும். மனிதர்களை உட்கார வைத்து, கேட்கச் சொல்லி, அஞ்சுக்கு எவ்வளவு என்று மார்க் போடச் சொல்லும் ஒரு முறை உண்டு. அதில் முதலாவது நாலுக்கு மேல் வாங்கும், இரண்டாவது நாலுக்குக் கொஞ்சம் கீழே. பாஸ்தான்! ஆனால் வழியில் ஒரு வியாபாரி பிழிந்ததை விரித்து, அடுத்தவர் மறுபடியும் பிழிந்து, மூன்றாமவர் இன்னொரு முறையில் பிழிந்தால்? இரண்டு தடவை சாயம் போட்ட துணி. கட்டிக்கொள்ளலாம், கல்யாணத்துக்குப் போக முடியாது.

"டோன்ட்" எங்கே போனது என்பதும் அங்கேதான் புரிந்தது. குரலை வழக்கமாக 20 மில்லி செகண்ட் துண்டுகளாக நறுக்கிப் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்புகிறார்கள். வழியில் நெரிசல் வந்தால் சில பாக்கெட் தொலையும். ஒன்றிரண்டு போனால் காது கண்டுபிடிக்காது. சேர்ந்தாற்போல் பத்துப் பன்னிரண்டு போனால் கால் செகண்ட் காலி. "டோன்ட்" என்று சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆறாயிரம் பீஸ் மெரூன் கால் செகண்டில் போயிருக்கிறது.

தாமதமும் ஒரு வில்லன். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் வசதி என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. சாட்டிலைட் இருப்பதோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கவே கால் செகண்ட். பழைய ஐ.எஸ்.டி. காலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று காசைக் கரைத்தது நினைவிருக்கிறதா? அது இரண்டு பேரின் மரியாதையும் அல்ல. கடலடிக் கேபிள்கள் பெருகிய பிறகுதான் இந்தப் பரஸ்பர மரியாதை குறைந்தது.

இதையெல்லாம் நேரடியாக அளக்க நேரமில்லை என்பதால் நாங்கள் இரண்டு எண்களைப் பார்ப்போம். நூறு கால் போட்டால் எத்தனை எடுக்கப்படுகிறது? எடுத்த பிறகு சராசரியாக எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? ரூட் மோசம் என்றால் ஜனங்கள் சீக்கிரம் வைத்துவிடுவார்கள், சராசரி இறங்கும். நல்ல யுக்திதான். ஆனால் இந்த எண்களையும் ஏமாற்ற ஆள் உண்டு. எதிராளி எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட்டதாகக் காட்டி, பொய்யாக ஒரு ரிங் சத்தத்தைக் காதில் ஊதிக்கொண்டே மீட்டரை ஓட விடுவார்கள். எங்கள் ரிப்போர்ட்டில் அன்று அந்த ரூட் நட்சத்திரம்!

திருப்பூரில் கப்பல் ஏறுவதற்கு முன் பையரின் ஆள் வருவார். அடுக்கி வைத்த பெட்டியில் நாலைந்தைத் திறந்து, தையலை இழுத்துப் பார்த்து, தேறாவிட்டால் லாட் முழுக்க ரிஜக்ட் என்பார். நிமிஷத்தைப் பெட்டி திறந்து பார்க்க யாரும் வருவதில்லை. விற்பவர் கேட்பதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. நடுவில் உட்கார்ந்து ரூட் மாற்றும் நானும் கேட்பதில்லை. கேட்கிறவருக்கோ எங்களை யாரென்றே தெரியாது.

* * *

2010. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மெசஞ்சரில் ஒரு வியாபாரி வந்தார். இந்தியா மொபைல், நிமிஷம் 0.82 சென்ட். நான் வாங்கிக்கொண்டிருந்தது 0.95.

இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காலை முடித்துக் கொடுக்க இந்தியாவில் உள்ள கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 40 பைசா கொடுக்க வேண்டும் என்பது 2009 ஏப்ரலிலிருந்து டிராய் போட்ட விதி. உள்ளூர்க் கால் என்றால் 20 பைசாதான். அன்றைய டாலர் மதிப்புக்கு 40 பைசா என்பது ஏறக்குறைய 0.89 சென்ட். ஆக, 0.82-க்கு ஒருவர் நேர்மையாக விற்கவே முடியாது. நூல் விலைக்கும் கீழே பனியன் விற்றால் நூல் எங்கிருந்து வந்தது என்று திருப்பூரில் சின்னப் பையன்கூடக் கேட்பான்.

நூல் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். சிம் பாக்ஸ். ஏதோ ஒரு ஊரில், மாடி அறையில், ஒரு பெட்டி. அதற்குள் வரிசையாக சிம் கார்டுகள். வெளிநாட்டுக் கால் இன்டர்நெட் வழியாக அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி ஒரு சிம்மிலிருந்து உள்ளூர்க் கால் போல எண்ணைச் சுழற்றும். 2009-லேயே செகண்டுக்கு ஒரு பைசா பிளான் வந்துவிட்டது. அதற்கும் மலிவாக ரேட் கட்டர்கள் வேறு. 40 பைசா கொடுக்க வேண்டியதில்லை, அரசாங்கத்துக்கும் தெரியாது. எடுக்கிறவர் போனில் சிங்கப்பூர் நம்பருக்குப் பதில் முன்பின் தெரியாத உள்ளூர் நம்பர் ஒன்று விழும். அவ்வளவுதான் அடையாளம்.

"கிளீன் ரூட்தானே?" என்று கேட்டேன்.

"பால் மாதிரி வெள்ளை" என்றார்.

கேட்டதற்குச் சாட்சி இருக்கிறது, நம்பியதற்கு இல்லை. ஆனாலும் மாதக் கடைசி. மார்ஜின் அடிபட்டிருந்தது. ரூட்டை மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை அப்பாவுக்கு நெஞ்சு வலி. உடுமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு லீவு கிடைத்து, பஸ் பிடித்து, திங்கள்கிழமை காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். அப்பா அதற்குள் அதிகம் பேசும் நிலையில் இல்லை.

அம்மா சொன்னாள்: "நேத்து சாயங்காலம் தம்பி போன் போட்டான் கண்ணு. ஏதோ தெரியாத நம்பரு. லோன் வேணுமான்னு கேக்கறவனாட்ட இருக்குதுன்னு ரெண்டு வாட்டி எடுக்குல. மூணாவது வாட்டி எடுத்தா பேச்சே கேக்குல. உங்கப்பா 'இங்க கொண்டா'ன்னு வாங்கிக்கிட்டாரு. அவருக்கும் ஒண்ணும் கேக்குல. இருந்தாலும் பேசிக்கிட்டே இருந்தாரு. 'வையுங்க, மறுக்கா போடுவான்'னேன். 'நமக்குக் கேக்காட்டி என்ன, அவனுக்குக் கேக்கும்'ங்கறாரு."

தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் லிட்டில் இந்தியாவில் கூட்டாளிகளோடு சாப்பிட்டுவிட்டு, கார்டு வாங்கிப் பேசுவான். புதன்கிழமை விடிகாலை அப்பா போய்விட்டார். சாயங்காலம் தம்பி வந்தான். எல்லாம் முடிந்து ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே ஆரம்பித்தான்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சுண்ணா. சாப்டியான்னாரு. வெயில்ல தலையில துண்டு கட்டிக்கன்னாரு. டேம் நெறஞ்சிருச்சு, ஷட்டர் தூக்கப் போறாங்கன்னாரு. நான் 'அப்பா, அப்பா'ன்னு கத்தறேன், அவருக்குக் கேக்குல. கட் பண்ணிட்டு மறுக்காப் போடலாம்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான். அவரு பேசிக்கிட்டே இருக்கறாருண்ணா. எப்படிக் கட் பண்றது?"

கருமாதி முடிந்து சென்னை வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் நம்பரைப் போட்டு லாகில் தேடினேன். கார்டு எத்தனையோ கை மாறிப் போகிற தொழிலில் அது எங்கள் ஸ்விட்ச் வழியாகத்தான் வந்திருக்கும் என்று என்ன நிச்சயம்? இருக்காது என்று நம்பித்தான் தேடினேன்.

இருந்தது. ஞாயிறு இரவு 7.40. சப்ளையர்: 0.82-காரர். நிலை: வெற்றி. நேரம்: 220 செகண்ட்.

இந்த ஒருவழிக் கால் ஏன் வருகிறது என்பது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். இன்டர்நெட் போனில் மணி அடிக்கிற சேதி ஒரு வழியில் போகும், குரல் தனி வழியில் போகும். போக ஒரு வழி, வர ஒரு வழி. மலிவான பிராட்பேண்டுக்குப் பின்னால் சரியாக செட்டிங் செய்யாத பெட்டி இருந்தால் ஒரு திசைக் குரல் வாசலிலேயே நின்றுவிடும். சாதாரணமாக இந்த மாதிரிக் கால் இருபது செகண்டில் கட் ஆகும், சராசரி சரியும், நாங்களும் ரூட்டைத் தூக்குவோம். அப்பா பேசியதாலும் தம்பி வைக்காததாலும் அது அந்த ஞாயிற்றுக்கிழமையின் நல்ல கால்களில் ஒன்றாகப் பதிவாகியிருந்தது.

கால்குலேட்டரை எடுத்தேன். தொழில் புத்தி. நிமிஷத்துக்கு 0.13 சென்ட் வீதம் 220 செகண்டுக்கு, அந்தக் காலில் எங்கள் கம்பெனிக்கு மிச்சமானது இந்தியப் பணத்தில் 21 பைசா.

* * *

மேனேஜரிடம் போய் ரூட்டை எடுக்க வேண்டும் என்றேன். "ரிப்போர்ட்ல நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது. அது எந்தக் கால் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அம்மா நம்பரை டெஸ்ட் நம்பரா வச்சுக்கலாமா? எடுப்பாங்களா?" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சில பிடிவாதங்கள். விதித்த கட்டணத்துக்கும் கீழே எவர் விலை சொன்னாலும் சாம்பிள்கூட வாங்க மாட்டேன். புது ரூட் என்றால் முதலில் நூற்றுக்கு அஞ்சு கால்தான். அதற்கும் முன்னால் என் காதால் கேட்க வேண்டும், போனில் விழுகிற நம்பரைப் பார்த்துச் சொல்ல எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். விலை குறைந்த ரூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டு கிலோபிட்டில் ஒழுங்காகப் பேசலாம். பணக்கார ரூட்டெல்லாம் தேனாக இருந்ததும் இல்லை. மலிவு எதனால் மலிவு என்று விற்பவர் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் மிச்சம் பிடித்த காசை நொய்யல் ஆற்றங்கரை விவசாயி கட்டினார். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் அந்தக் கணக்கு யார் நோட்டிலும் ஏறவில்லை.

இப்போது கம்பெனி மாறிவிட்டேன், தொழில் அதேதான். ஆனால் சுருங்கிவிட்டது. தம்பி வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறான். காலிங் கார்டு தேடி அலைந்ததை அவன் பையன் நம்ப மறுக்கிறான். சிம் பாக்ஸ்காரர் மட்டும் ஒழியவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். உள்ளூர்க் காலுக்குக் கம்பெனிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் கட்டணம் 2017 அக்டோபரில் 6 பைசா ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பூஜ்யம். வெளிநாட்டுக் காலுக்கு 2020-ல் டிராய் நிர்ணயித்ததோ 35 பைசாவிலிருந்து 65 பைசா வரை. அந்த இடைவெளியில்தான் பெட்டி உட்காருகிறது. கூடவே அன்லிமிடெட் பிளான், கேட்க வேண்டுமா? 2021 ஜூனில் பெங்களூரில் ராணுவ உளவுப் பிரிவின் உதவியோடு போலீஸ் பிடித்தபோது 32 பெட்டிகள் இருந்தன. ஒரே சமயத்தில் 960 சிம் போடலாம்! இதற்கு அண்ணன் ஒருவரும் உண்டு. பெட்டியே இல்லாமல், வெளிநாட்டிலிருந்தபடியே இந்திய நம்பர் போலப் பொய் நம்பர் காட்டுகிறவர். அவரைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி கால்களை மறித்ததாக அறிவித்தார்கள். அம்மா இரண்டு தடவை எடுக்காமல் விட்டது சரிதான் போலிருக்கிறது.

அம்மா அமராவதி நகரில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். நான் ஒவ்வொரு சப்ளையர் வழியாகவும் ஒரு கால் போடுவேன். எங்களுக்கு அஞ்சு மார்க் முறை இருப்பது போல அவளுக்கும் ஒரு முறை உண்டு. 'பக்கத்து வீடு' என்றால் அஞ்சு. 'ரோட்டுமொனை' நாலு. 'டேமுக்கு அந்தப் பக்கம்' மூன்று. 'கெணறு' இரண்டு. 'ஆளே இல்லை' என்றால் ஒன்று. எங்கள் ஆபீசின் லட்ச ரூபாய் மென்பொருள் கொடுக்கும் மார்க்கும் அம்மாவின் மார்க்கும் பெரும்பாலும் அரைப் புள்ளிதான் வித்தியாசப்படும். ஆபீசில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு ரூட்டைக் காட்டி, "சார், இது கிணறு" என்கிறாள்.

போன வாரம் அஞ்சு சப்ளையர். முதல் நாலும் நன்றாகவே போனது. இரண்டு பக்கத்து வீடு, ஒரு ரோட்டுமொனை, ஒரு கிணறு. அஞ்சாவது போட்டேன். எடுத்தாள்.

"ஹலோ... ஹலோ..."

"சொல்லுங்கம்மா, கேக்குதா?"

"ஹலோ... ஒண்ணும் கேக்குல. நம்பரும் எதுவோ வந்திருக்குது. நீயாத்தான் இருக்கும், வெள்ளிக்கெழமை." கொஞ்சம் நிறுத்தினாள். "சரி, உனக்குக் கேக்கும். டேம் எம்பத்தாறு அடி. காத்தால வாத்தியார் வீட்டுல இருந்து கத்திரிக்காய் குடுத்தாங்க. கொழம்பு வெச்சேன். முட்டி வலி தேவலை. நீ நேரத்துக்குச் சாப்படறயா இல்லையா..."

பக்கத்து சீட் பையன் திரும்பிப் பார்த்தான். டெஸ்ட் காலுக்கு முப்பது செகண்ட் போதும் என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அம்மா முடிக்கும்வரை இருந்தேன். பிறகு அந்த சப்ளையருக்கு நேராக 1 என்று போட்டேன்.